எழுபத்தோரு சதவீதமும் நாற்பது பைசாவும்

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் சாயங்காலம் திருச்சி பாலக்கரை ரவுண்டானா பக்கம் நடந்துபோனால், ஸ்கோர் என்ன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. டீக்கடை டிவி முன்னால் ஒரு கூச்சல் எழும். சில நொடி கழித்து, பைக்கில் சாய்ந்தபடி போனில் மேட்ச் பார்ப்பவர் அதே விக்கெட்டுக்குத் தனியாகக் கத்துவார். இந்தச் சில நொடி வித்தியாசத்தைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குத் திரையின் மூலையில் வரும் எண்ணைப் பாருங்கள்: ‘சென்னை 71%, எதிரணி 29%.’ ஒரு சிக்ஸர் போனால் ஏறுகிறது, ஒரு விக்கெட் விழுந்தால் சரிகிறது. இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? இதை நம்பிப் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும்?

எண்ணைப் பார்த்துப் பணம் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003 ஜனவரியில் மாநில அரசு லாட்டரியைத் தடை செய்தது. அதற்குப் பிறகும், துண்டுச்சீட்டில் மூன்று நம்பர் எழுதி விற்றவர்கள் கைது என்ற செய்தி திருச்சிப் பதிப்புகளில் நின்றபாடில்லை. ஆனால் மூன்று நம்பரில் ஆராய ஒன்றுமில்லை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள், உங்கள் எண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. அத்தோடு கணக்கு முடிந்தது. கிரிக்கெட்டில் வாய்ப்பு எவ்வளவு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஆனால் மதிப்பிடலாம். மதிப்பிடலாம் என்பதால்தான் கருவிகள் வந்தன. ‘எனக்கு கிரிக்கெட் தெரியும்’ என்ற தைரியமும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கருவிகளின் பூர்வீகம் மழை. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்ட தென்னாப்பிரிக்காவுக்கு, மழை விட்டதும் ஒரே பந்தில் 21 ரன் என்று இலக்கு வந்து நின்றது. அந்த அபத்தத்துக்குப் பரிகாரம் கண்டவர்கள் ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஓர் அணியின் கையிருப்பு இரண்டு: மிச்சமுள்ள பந்துகள், மிச்சமுள்ள விக்கெட்டுகள். 20 ஓவர் பாக்கி இருந்து ஒன்பது விக்கெட் போயிருந்தால் அந்த 20 ஓவருக்குப் பெரிய மதிப்பில்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே அட்டவணையில் சதவீதமாக்கினார்கள். 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே–இங்கிலாந்து ஆட்டத்தில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. அதற்குப் போட்டியாகக் கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி முறை நம் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) மழை ஆட்டங்களில் பயன்பட்டிருக்கிறது. திருச்சி அணியின் ரசிகர்கள் ஸ்கோர்கார்டின் அடியில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்திருப்பார்கள்.

மழை பெய்தால் இலக்கு சொல்லும் அட்டவணை, மழை பெய்யாதபோதும் ஏதோ சொல்லிக்கொண்டுதானே இருக்கும்? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கரும் சீமஸ் ஹோகனும் அந்த வழியில் போய் உருவாக்கிய ‘வாஸ்ப்’, 2012இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வெற்றி வாய்ப்பைக் காட்டத் தொடங்கியது. நம் பக்கத்தில் இந்த வேலை நடந்தது சென்னையில். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ரகுநாதன் ரங்கசாமியின் குழுவோடு சேர்ந்து ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ 2019இல் ‘சூப்பர்ஸ்டாட்ஸ்’ வெளியிட்டது. அதில் மூன்று பிள்ளைகள்: ஆட்டம் எங்கே போகிறது என்று சொல்லும் ‘ஃபோர்காஸ்டர்’, ரன்னையும் விக்கெட்டையும் அவை வந்த சூழ்நிலையோடு எடைபோடும் ‘ஸ்மார்ட் ஸ்டாட்ஸ்’, நழுவிய கேட்சுக்கு விலை போடும் ‘லக் இண்டெக்ஸ்’. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கேட்ச் பிடிபட்டிருந்தால் அந்த பேட்ஸ்மேன் அதற்குப் பிறகு அடித்த ரன் கிடையாது. அந்தப் பந்துகளை அடுத்து வருபவர்கள் ஆடியிருப்பார்கள், எத்தனை அடித்திருப்பார்கள்? நடக்காத ஓர் ஆட்டத்தை முழுக்க ஆடிப் பார்த்து, அதிர்ஷ்டம் எத்தனை ரன் கொடுத்தது என்று சொல்கிறது.

இப்படி ‘ஆடிப் பார்ப்பது’தான் இந்தக் கருவிகள் பலவற்றின் உயிர். 30 பந்தில் 48 ரன் வேண்டும், கையில் ஐந்து விக்கெட் என்று வையுங்கள். இதே நிலை முன்பு எத்தனை ஆட்டங்களில் வந்தது என்று தேடினால் விரல்விட்டு எண்ணத்தான் கிடைக்கும். அதனால் கணினி ஒரு தாயக்கட்டையை உருட்டுகிறது. அதன் முகங்கள் சமமில்லாதவை: ரன் இல்லாத பந்து, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, விக்கெட். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதை பேட்ஸ்மேன், பந்துவீச்சாளர், ஓவர், மைதானம் பார்த்துப் பழைய ஆட்டங்களிலிருந்து எடுக்கிறார்கள். 30 முறை வரை உருட்டினால் ஓர் ஆட்டம் முடியும். இப்படிப் பத்தாயிரம் ஆட்டம். அதில் 7,100இல் ஜெயித்திருந்தால் திரையில் 71% வரும். சாதாரண மடிக்கணினிக்கே இது சில நொடி வேலை. பந்துக்குப் பந்து விவரங்களை கிரிக்‌ஷீட் என்ற தளம் இலவசமாகத் தருகிறது. அதைப் படித்து அலச ‘யார்க்கர்’ என்ற பெயரிலேயே ஆர் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் இப்படி ஒரு கருவியைச் செய்துவிடலாம்.

செய்வது சுலபம், நம்பத்தகுந்ததாகச் செய்வதுதான் கஷ்டம். எடைகள் பழைய ஆட்டங்களிலிருந்து வருகின்றன. ஆட்டமோ மாறிக்கொண்டே இருக்கிறது. 2023இல் ஐபிஎல்லில் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வந்ததும் ஒவ்வோர் அணிக்கும் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் கிடைத்ததுபோல் ஆயிற்று. 2024இல் ஈடன் கார்டனில் பஞ்சாப் 262 ரன் இலக்கை எட்டிப் பிடித்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளை மட்டும் படித்த கருவியிடம் அந்த இடைவேளையில் கேட்டிருந்தால் பஞ்சாப்பைக் கைகழுவியிருக்கும். இரவுப் பனியில் பந்து நனைந்தால் சுழல் எடுபடாது என்பது சேப்பாக்கம் கேலரிக்குத் தெரியும். அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லையென்றால் கருவிக்குத் தெரியாது.

கருவி நல்லதா என்று எப்படிச் சோதிப்பது? ‘71% என்று சொன்னது, தோற்றுவிட்டதே’ என்று திட்டுவதில் பயனில்லை. 29% என்பதும் நடக்கக்கூடியதுதான். 71% என்று அது சொன்ன தருணங்களையெல்லாம் திரட்டினால், நூற்றுக்கு ஏறத்தாழ 71இல் அந்த அணி ஜெயித்திருக்க வேண்டும். மழை வரும் வராது என்று சொல்கிறவர்களை எடைபோட 1950இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் ஓர் எளிய மதிப்பெண் கொடுத்தார். 0.7 என்று சொல்லி நடந்தால் வித்தியாசம் 0.3, அதன் வர்க்கம் 0.09. நடக்காவிட்டால் வித்தியாசம் 0.7, வர்க்கம் 0.49. இவற்றின் சராசரி குறையக் குறைய நல்லது. எப்போதும் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்று மழுப்புகிறவருக்கு 0.25 வரும். அதைத் தாண்ட முடியாத கருவியைத் தூக்கிப் போடலாம்.

இனி நாற்பது பைசா. இந்தியப் புக்கிகள், அதாவது பந்தயத் தரகர்கள், விலையைப் பைசாவில் சொல்வார்கள். ‘நாற்பது–நாற்பத்திரண்டு’ என்றால், ஜெயிக்கும் என்று கருதப்படும் அணிமேல் நூறு ரூபாய் கட்டினால் நாற்பது ரூபாய் லாபம். அந்த அணி தோற்கும் என்று கட்டினால், நூறு ரூபாய் லாபத்துக்காக 42 ரூபாயைப் பணயம் வைக்க வேண்டும். இப்போது கருவி சொல்லும் 71%ஐ முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அணி ஜெயிக்கும் என்று நூறு தடவை கட்டினால் 71 தடவை நாற்பது நாற்பதாக 2,840 வரும், 29 தடவை நூறு நூறாக 2,900 போகும். நஷ்டம் 60 ரூபாய். சரி, தோற்கும் என்று கட்டலாமே? 29 தடவை 2,900 வரும், 71 தடவை 42 வீதம் 2,982 போகும். நஷ்டம் 82. உண்மை தெரிந்த ஆளுக்கே இரண்டு பக்கமும் நஷ்டம்! அந்த இரண்டு பைசா இடைவெளிதான் புக்கியின் சம்பளம். செல்போன் செயலிகளில் இது இன்னும் அகலம். சரிசமமான ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் 1.90 என்று (ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு 1.90 ரூபாய் திரும்பும்) விலை போட்டிருந்தால், நூறு ரூபாய்க்குச் சராசரியாக 95தான் திரும்பும்.

ஆக, திரையில் வரும் சதவீதம் ஆட்டத்தைப் பற்றிய மதிப்பீடு. பைசா என்பது விலை. விலைக்குள் மற்ற எல்லாருடைய மதிப்பீடும் ஏற்கெனவே கலந்திருக்கிறது, பனியை நேரில் பார்த்தவனுடையதும் சேர்த்து. ஹாங்காங் குதிரைப் பந்தயத்தில் கணினியை வைத்துப் பெரும்பணம் சம்பாதித்த பில் பென்டர், 1994இல் தன் முறையை விளக்கி எழுதினார். தன் கருவி சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பொதுமக்கள் பணம் கட்டி உண்டாக்கிய விலையையும் அதில் கலந்துதான் முடிவெடுத்தார். அவரே அப்படியென்றால், விலையை மிஞ்ச வேண்டிய கருவி எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் லாபம் பார்க்க 71க்கும் 73க்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். கருவிக்கு அந்த நுட்பம் உண்டா என்று உறுதி செய்ய ஏறத்தாழ 2,000 ஆட்டங்கள் தேவை. ஐபிஎல் சீசனுக்கு 74 ஆட்டம். 27 வருஷம் காத்திருக்க வேண்டும்.

அவ்வளவு காத்திருக்க யாருக்குப் பொறுமை? பந்தயக் குழுக்களில் நூறு பந்தயக் கணக்கைக் காட்டியே ஒருவர் ‘குரு’ ஆகிவிடுகிறார். எதுவுமே தெரியாத நூறு பேர் காசு சுண்டி அணியைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு நூறு பந்தயம் கட்டட்டும். 1.90 விலையில் லாபம் காண 53 வெற்றி போதும். நூறு பேரில் முப்பது பேருக்குச் சும்மாவே அது கிடைத்துவிடும். அந்த முப்பது பேர்தான் ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள், மீதி எழுபது பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். இதைவிட மோசமானது டெலிகிராம் ‘டிப்ஸ்’. 1,024 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணி, மீதிப் பேருக்கு இன்னோர் அணி என்று செய்தி அனுப்பு. சரியாக வந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரி. ஐந்து ஆட்டம் முடிந்ததும், ஐந்தும் பலித்ததைக் கண்ணால் கண்ட 32 பேர் கையில் இருப்பார்கள். ஆறாவது டிப்ஸுக்குக் காசு கேட்கலாம். இதற்குப் பகுப்பாய்வு எதுவும் வேண்டாம், போன் நம்பர்கள் போதும்.

ஆரம்பத்தில் சொன்ன சில நொடிக்கு வருவோம். போனில் ஓடும் நேரலை, டிவியைவிடப் பிந்தியது. டிவியோ மைதானத்தைவிடப் பிந்தியது. மைதானத்தில் உட்கார்ந்து போனில் தகவல் சொல்வதற்கென்றே ஆட்கள் உண்டு, பிடிபட்டவர்களும் உண்டு. ஆட்டத்தின் நடுவே பந்தயம் கட்டும் பாலக்கரைக்காரர் விக்கெட்டைப் பார்ப்பதற்குள் விலை மாறி முடிந்திருக்கும். அவர் கையில் எத்தனை நல்ல கருவி இருந்தாலும் அது நேற்றைய பேப்பர்தான்.

விவரமே பொய்யென்றால் அது இன்னொரு கதை. 2022இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம் மோலிபூர் கிராமத்தில் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து ‘ஐபிஎல்’ நடத்தினார்கள். பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆட்டத்துக்கு 400 ரூபாய், கலர் ஜெர்சி, யூடியூபில் நேரலை, வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே குரலில் பேச ஒரு மிமிக்ரி ஆள். பந்தயம் கட்டியவர்கள் ரஷ்யர்கள். போலீஸ் வந்தபோது போட்டி கால் இறுதியை எட்டியிருந்தது. அந்த ஸ்கோர்களை எந்தக் கருவியில் போட்டாலும் அழகான வரைபடம் வந்திருக்கும். நம் டிஎன்பிஎல்லிலும், அறிமுகமில்லாதவர்கள் வாட்ஸாப்பில் தொடர்பு கொண்டதாக வீரர்கள் சொன்னதைக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு 2019இல் விசாரித்தது.

இதே கருவிகள் எதிர்ப்பக்கத்திலும் வேலை செய்கின்றன. ஆட்டத்தின் போக்குப்படி விலை எங்கே இருக்க வேண்டும், உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், காரணமில்லாத தாவல் கண்ணில் படும். ஸ்போர்ட்ரேடார் நிறுவனத்தின் மோசடி கண்டறியும் அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. 2020 ஐபிஎல்லுக்கு நம் கிரிக்கெட் வாரியம் அதை அமர்த்திக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்தக் கணிதத்துக்கு ஏற்ற வேலை இதுதான்.

சட்டத்தில் சுற்றிவளைப்பு இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி, விளையாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்றது.

காசு கட்டாமல் கருவியோடு விளையாட இவை எதுவும் தடையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் சதவீதத்தை எழுதுங்கள், பக்கத்திலேயே கருவியின் சதவீதத்தையும் எழுதுங்கள். சீசன் முடிந்ததும் இருவருக்கும் பிரையர் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். எழுதியது டாஸுக்கு முன்னாலா, பின்னாலா என்பதையும் மறக்காமல் குறித்துவையுங்கள். பனி விழும் ஊர்களில் அது இல்லாமல் கணக்கு ஒத்துவராது.