டிரெய்லர் ஆட்டமும் அதைத் தடுக்கும் முறையும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் சாலைகளிலும் ஏரிக்கரைகளிலும் டிராக்டர்களின் ஓசை ஓய்வதில்லை. களத்து நெல் கொள்முதல் நிலையத்துக்கும், வைக்கோல் தொழுவத்துக்கும், கரும்பு சர்க்கரை ஆலைக்கும் டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லரிலேயே பெரும்பாலும் செல்கின்றன. முன்னாளில் பல மாட்டு வண்டிகள் சுமந்த பாரத்தை இன்று ஒரே டிரெய்லர் சுமக்கிறது. நன்மை பெரிது, அதற்கேற்ப எச்சரிக்கையும் பெரிதாக இருத்தல் வேண்டும்.

இவ்வட்டாரத்தின் ஏரிக்கரைச் சாலை ஒன்றில் நாம் நேரில் கண்ட காட்சி இது. நெல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. பேருந்து ஒன்று அதனைக் கடந்து முந்திச் சென்றது. மறுகணமே டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக அசையத் தொடங்கி, ஒவ்வோர் அசைவிலும் அகன்றுகொண்டே சென்றது. மூட்டைகளின் மேல் இரண்டு கூலியாட்கள் அமர்ந்திருந்தனர். ஒருபுறம் ஏரி நீர், மறுபுறம் ஆழ்ந்த வயல். ஓட்டியவர் பதறாமல் வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்தியதனால் உயிர்ச்சேதம் நேரவில்லை. இறங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. இறக்குவதற்கு எளிதென்று கருதி, மூட்டைகளைப் பின்கதவின் ஓரமாகவே அடுக்கியிருந்தனர்.

ஆட்டம் ஏன் உண்டாகிறது?

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பதை நன்கு அறிவார்கள். அச்சுக்கு முன்னே பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். ஆகவே அவர்கள் சற்றே முன்பாரமாக ஏற்றுவார்கள். இரு சக்கர டிரெய்லருக்கும் விதி இதுவே. இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதிலாக டிராக்டரின் கொக்கி அந்தப் பாரத்தைத் தாங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்று கொள்வோம். 40 கிலோ நெல் மூட்டைகள் பத்தினை, அதாவது 400 கிலோவை, அச்சுக்கு 1 மீட்டர் பின்னே வைத்தால் அவை கொக்கியைச் சுமார் 133 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அதே மூட்டைகளை அச்சுக்கு 1 மீட்டர் முன்னே வைத்தால் அவை 133 கிலோ அளவுக்குக் கீழே அழுத்தும். பத்து மூட்டைகளின் இடத்தை மாற்றியதனால் மட்டும் கொக்கியில் 260 கிலோவுக்கு மேல் வேறுபாடு உண்டாகிறது என்பதைக் கவனிக்க.

பின்பாரம் மிகுந்த டிரெய்லர், ஊஞ்சலைப் போன்றது. காற்று, பள்ளம், கடந்து செல்லும் பேருந்தின் வீச்சு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதை ஒருமுறை தள்ளிவிட்டால் அது அசையும். வேகம் குறைவாயின் அசைவு தானே அடங்கும். ஓர் எல்லைக்கு மேல் வேகம் சென்றாலோ ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகும். வெளிநாடுகளில் பிக்கப் வண்டிகளின் பின்னே வீடுபோன்ற பயண வண்டிகளைப் பூட்டி இழுத்துச் செல்வோரும் இதே தொல்லைக்கு ஆளாகின்றனர். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் விழவேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் பொது விதி.

ஆயினும் முன்பாரமும் அளவுக்கு மிஞ்சக்கூடாது. கொக்கியில் பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் ஊன்றாமல் ஸ்டியரிங் பிடிப்பற்றுப் போகும். டிராக்டரின் கையேட்டில் குறித்துள்ள எல்லையே நமக்கு அளவு. நான்கு சக்கர டிரெய்லரில் பாரத்தை முன்னும் பின்னும் சமமாகப் பரப்புதல் நன்று. அதில் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது, முன் அச்சைத் திருப்பும் டர்ன்டேபிளின் தளர்வும் கொக்கி ஆணியின் தேய்வுமே.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கொக்கியும் ஆணியும். துளை அகன்றிருந்தாலும் ஆணி தேய்ந்திருந்தாலும் உடனே மாற்றுக. ஆணி கழன்று விழாதபடி அதன் முனையில் பூட்டுமுள் இருத்தல் அவசியம். கம்பித் துண்டைச் சுற்றிவைப்பது போதாது. டிராக்டரின் பின் அச்சுக்குக் கீழுள்ள கொக்கியிலன்றி, மேலே எவ்விடத்திலும் டிரெய்லரைப் பூட்டலாகாது. மேலிருந்து இழுத்தால் டிராக்டரின் முன்பகுதி தூக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, சக்கரங்கள். இருபுறமும் டயர்க் காற்று ஒரே அளவாக இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தால் பேரிங்கின் தளர்வு தெரிந்துவிடும். நட்டுகளை முடுக்குக.

மூன்றாவது, பிரேக். டிராக்டரில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டெனத் திரும்புவதற்கு அவை உதவும். சாலைக்கு வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபுறம் திரும்பும்; பின்னே வரும் டிரெய்லர் அதனைத் தள்ளிக் கவிழ்க்கும்.

நான்காவது, எடையும் உயரமும். பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. கனமானவற்றை அடியிலும் இலேசானவற்றை மேலும் வைத்து, கயிற்றால் இறுகக் கட்டுக. வழியில் பாதிப் பாரத்தை இறக்க நேர்ந்தால், எஞ்சியதை முன்னே நகர்த்தி அடுக்கிய பின்னரே மீண்டும் புறப்படுக.

ஓட்டும்போது

வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் அடங்கும் அசைவு 30 கிலோமீட்டரில் அடங்காமற் போகலாம். கரையிலிருந்து இறங்கும் சரிவில், ஏறும்போது இடும் தாழ்ந்த கியரையே இடுக. எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதித்தபடி உருட்டுவதும் பெருந்தவறு. நம் டிரெய்லர்களுள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் இல்லையாதலின், முழுப் பாரமும் டிராக்டரையே பின்னிருந்து தள்ளும்.

எவ்வளவு கவனித்தும் ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்யத்தக்கவை சிலவே. ஸ்டியரிங்கை நேராக உறுதியுடன் பிடித்துக்கொள்க; அசைவுக்கு எதிராகத் திருப்ப முயன்றால் ஆட்டம் பெருகும். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைக்க. கைவிசையில் வைத்திருந்தால் அதனையும் இறக்குக. கிளட்சை மிதிக்க வேண்டாம். பிரேக்கைத் திடீரென்று அழுத்த வேண்டாம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருப்பின் அதனை மட்டும் இலேசாகப் பிடிக்கலாம். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கிவிடலாம் என்று எண்ணுவது விபரீதம். ஆட்டம் அடங்கியபின் ஓரமாக நிறுத்திப் பாரத்தைத் திருத்தி அடுக்காமல் மேலே செல்லலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் முதலிய வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. ஊரின் பொதுக்காரியத்தை ஊராரே பொறுப்பேற்று நடத்திய மண் இது. ஏரிக்கரையைக் காத்த அந்த அக்கறை, அக்கரைமேல் செல்லும் மனிதருக்கும் உரியதன்றோ?

அறுவடைக்கு முன் ஒருநாள் ஊரிலுள்ள டிரெய்லர்கள் அனைத்தையும் ஓரிடத்தில் நிறுத்தி, மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கொக்கி, சக்கரம், பிரேக், பின்விளக்கு ஆகியவற்றைச் சோதிக்க அங்கத்தினர்கள் ஏற்பாடு செய்யலாம். பின்புறம் ஒளி எதிரொலிக்கும் சிவப்புப் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். திருப்பங்களை மறைக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுவதும், கரைச் சாலையின் ஓரப் பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புவதும் ஊரால் ஆகக்கூடியவை. ஜனவரி 26ஆம் நாள் கூடும் கிராம சபை அறுவடைக் காலத்தை ஒட்டியே வருவதால், அங்கே இதனைப் பேசித் தீர்மானிப்பது பொருத்தமாகும்.

எல்லாவற்றினும் மேலாக, மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். கவிழும் டிரெய்லரின் மேல் இருப்பவருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. சிந்திய நெல்லை மீண்டும் அள்ளிக்கொள்ளலாம். நாள் கூலிக்கு வந்தவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதையும் அறுவடையின் ஒரு பகுதியாகவே நாம் கருத வேண்டும்.