ஐப்பசி மாதமும் வயோதிகக் குடியானவரும்

முதுமைப் பருவத்தை இலையுதிர்காலத்திற்கு ஒப்பிடுவது மேல்நாட்டார் வழக்கம். அவர்கள் நாட்டில் அக்டோபர் மாதத்தில் மரங்கள் மஞ்சளித்து இலை சொரியும். அறுவடை முடிந்து களஞ்சியம் பூட்டப்படும். கிழவர் கணப்பருகே சாய்ந்துகொள்வார். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இவ்வுவமை சற்றும் ஒவ்வாது. இங்கே அதே மாதம் ஐப்பசி. கோடை முழுவதும் வாய் பிளந்து கிடந்த கரிசல் மூடிக்கொண்டு, புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் குருத்து விட்டு நிற்கும். பருத்திக்குக் களை எடுக்க ஆள் கிட்டாது. இம்மாதத்தில் ஒருவர் தம்மை உதிரும் இலை என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால், வீட்டு அம்மாள் அவர் கையில் களைக்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

நம் பெரியவர்களிடம் வயது கேட்பது வீண் வேலை. ஆதார் அட்டையில் ஒரு வருஷம், குடும்ப அட்டையில் வேறொரு வருஷம் இருக்கும். பிறந்த நாள் மட்டும் பலருக்கும் ஜனவரி முதல் தேதியாகவே அமைந்திருக்கும். ஆனால் அரியலூர்ப் பக்கத்தில், "மருதையாற்றுப் பாலம் போய் ரயில் கவிழ்ந்தபோது நான் மாடு மேய்க்கிற பையன்" என்று ஒருவர் சொன்னாரானால் கணக்கு எளிது. அது 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி, கார்த்திகை வெள்ளத்தில் நேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ரயில்வே மந்திரியாயிருந்த லால்பகதூர் சாஸ்திரி அதன் பொருட்டுப் பதவி துறந்தார். அந்த மழையை நேரில் கண்டவர்கள், கைப்பேசியில் வரும் வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு வாசலில் வந்து வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வதில் வியப்பில்லை. இரண்டும் வேண்டியவையே.

இனி வேலையைப் பற்றி. ஈரக் கரிசலில் நடப்பவர் ஒவ்வொரு காலிலும் அரை வீசை மண்ணைச் சுமந்தே நடக்க வேண்டும். இருபது வயதில் அது தேகப்பயிற்சி. எழுபதில் இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் வழி. மழை விட்டதும் வரப்பு வெட்டவும் மடை திருப்பவும் ஓடுவதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கே விட்டுவிடுதல் நலம். விடமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

எனினும் கால் தளர்ந்த பின்னும் தளராதவை சில உண்டு. கரிசல் நிலம் பதம் பார்த்துத் தொட வேண்டியது. ஈரம் மிஞ்சியிருக்கையில் டிராக்டர் இறங்கினால் சக்கரம் மண்ணை அமுக்கிக் களிக்கட்டியாக்கிவிடும். இரண்டு நாள் தாமதித்தாலோ மேல் மண் இறுகி, எஞ்சிய ஈரத்தில் முளைக்க வேண்டிய கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் பாழாகும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கீழே போட்டு, அது உதிர்கிறதா, ஒட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஐம்பது வருஷப் பழக்கம் வேண்டும். "தம்பி, இன்றைக்கு வேண்டாம், நாளை மறுநாள் ஓட்டு" என்று தகப்பனார் சொல்ல, "அப்பா, வண்டி இன்றைக்கு விட்டால் பத்து நாளைக்குக் கிடைக்காது" என்று மகன் சொல்லுவது ஐப்பசியில் ஊர்தோறும் கேட்கும் வழக்கு. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது மகன் வேலை. நாளைக் குறிப்பது தகப்பனார் வேலை என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் சண்டை குறைவு.

முதுமையின் மற்றொரு குறை தூக்கமின்மை. விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு, வீட்டிலுள்ளோரையும் இருமியே எழுப்பிவிடுவது பெரியவர்கள் இயல்பு. மக்காச்சோளக்காரர் வீட்டில் இக்குறையைப் பிரயோஜனப்படுத்தலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய படைப்புழு 2018-ஆம் வருஷம் இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அவ்வருஷத்திலேயே நம் ஜில்லாக்களின் மக்காச்சோளத்தையும் சூறையாடியது. இப்புழு இரவில் மேய்ந்து, வெயில் ஏறியதும் குருத்துக்குள் புகுந்துகொள்ளும். பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறவர் கண்ணில் அது எளிதில் படாது. வெளுக்கும் வேளையில், மழையில்லாத நாளில், பெரியவர் கைத்தடியோடு ஒரு சுற்று வரட்டும். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சமும், விரிந்த இலையில் வரிசையாய்த் துளைகளும் தென்பட்டால் உடனே வீட்டில் சொல்லட்டும். இலையில் அடையாய் ஒட்டியிருக்கும் முட்டைகளைக் காண இளங்கண் வேண்டும். பேரப்பிள்ளையை உடன் அழைத்துப் போனால், "தாத்தா, இதோ இருக்கிறது" என்று நசுக்கிக் காட்டும். அடுத்த பட்டத்தில் கடைசி உழவின்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட மறக்கலாகாது. மண்ணிலுள்ள கூட்டுப்புழுவுக்கு அது பகை.

ஐப்பசி கார்த்திகையில் கிராம நிர்வாக அலுவலர் வாசலிலும் கூட்டம் மிகுதி. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாய் நவம்பர் நடுவோடு கெடு முடிகிறது; அதற்கு அடங்கல் சான்று வேண்டும். வரிசையில் நிற்கும் பெரியவர்களில் சிலர் நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். தாத்தாவோ காலமாகி நாற்பது வருஷமாயிருக்கும். பட்டா மாற்றத்தை மாசி பங்குனியில், வேலை ஓய்ந்த காலத்தில் முடித்துக்கொள்வது இருதரப்பாருக்கும் உபகாரம்.

நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைக்கக் கருதுவோர், எழுதும்போதே ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். உணவு, இருப்பிடம், வைத்தியம் ஆகியவற்றைப் பெறுபவர் தர வேண்டும் என்னும் நிபந்தனையே அவ்வரி. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, அந்நிபந்தனையை மீறினால் அறுபது வயது நிறைந்தவர் கோட்டாட்சியர் முன் மனுச் செய்து பத்திரத்தை ரத்துச் செய்துகொள்ளலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு உதவாதென 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தைத் தாராளமாய்ப் பொருள்கொள்ள வேண்டுமென 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் கூறியது. கோர்ட்டு தாராளம் எப்படியிருப்பினும் வரியை எழுதிவிடுவதே மலிவு. "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று கூசுவோர் உண்டு. பெற்ற பிள்ளைதான், ஆனால் குத்தகைக்கு விடும்போது உடன்பிறந்தானிடமும் மூட்டைக் கணக்குப் பேசுகிறோமே! அரிசிக்கும் மருந்துக்கும் பேசிக்கொள்வதில் குறைவு ஏதுமில்லை. பதிவுக்கு முன் மனையாளுக்கும் படித்துக் காட்டிவிடுங்கள். அவருடைய பெயரும் அவ்வரியில் இடம்பெற வேண்டும்.