வெட்டுக்கிளியின் கொழுப்பும் 'ஜீன்' என்கிற சொல்லாடலும்

குடிக்கு ஒரு ஜீன், கோபத்துக்கு ஒரு ஜீன் என்று எல்லாவற்றையும் ரத்தத்தோடு பிறந்ததாக்கிவிடும் பேச்சு, 1990இல் மனித மரபணுத் திட்டம் தொடங்கிய பிறகு பெருகியது, இன்றும் ஓய்ந்தபாடில்லை. 'பிறவிக் குணம்' என்பதன் புதுச் சட்டைதான் இது. ஒரு ஜீன் நிஜமாக என்ன செய்கிறது என்று பார்க்க வெட்டுக்கிளி தோதான பிராணி.

பறக்கக் கிளம்பும் வெட்டுக்கிளி முதலில் ரத்தத்திலிருக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை எரிக்கிறது. அது ரொம்ப நேரம் தாங்காது. தொலைதூரத்துக்குக் கொழுப்பு வேண்டும். அதுவோ கொழுப்புத் திசுவில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறப்பது மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சுரப்பியிலிருந்து வரும் அடிபோகைனெட்டிக் ஹார்மோன். 1976இல் ஸ்டோன், மார்டியூ குழுவினர் இதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார்கள்: பத்தே பத்து அமினோ அமிலங்கள். இது வந்து தொட்டதும் கொழுப்பு உடைந்து ரத்தத்தில் இறங்குகிறது. லிப்போஃபோரின் என்ற புரதம் அதைச் சுமந்துபோய்ச் சிறகுத் தசையில் இறக்கிவிட்டு, காலி லாரி மாதிரி அடுத்த லோடுக்குத் திரும்பிவிடுகிறது.

லோகஸ்டா இன வெட்டுக்கிளியில் இவ்வகை ஹார்மோன்கள் மூன்று. மூன்றுக்கும் தனித்தனி ஜீன். ஆனால் ஜீன் தருவது ஹார்மோனை அல்ல, ஒரு நீளச் சங்கிலியை. அதைச் சரியான இடத்தில் நறுக்கி, இரு முனைகளையும் வேதிவினையால் மூடிய பிறகே அது ஹார்மோன். அதுவும் உடனே வேலைக்குப் போவதில்லை, சேமிப்பில் கிடக்கிறது. சிறகடிக்கத் தொடங்கியதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் அது வெளியேறுகிறது. ஆக, 'ஜீன் ஆணையிடுகிறது' என்பதைவிட, பறத்தல்தான் ஹார்மோனைக் கேட்டு வாங்குகிறது என்று சொல்லலாம்.

இதே குடும்ப ஹார்மோன் பழ ஈயிலும் உண்டு. அதைச் சுரக்கும் செல்களை அழித்துப் பார்த்த ஆய்வுகள் 2004இல் வெளிவந்தன. சாதாரண ஈயைப் பட்டினி போட்டால் இருப்புக்கொள்ளாமல் அலையும். ஹார்மோன் இல்லாத ஈ அலையவில்லை, பேசாமல் கிடந்தது. பட்டினியில் மற்றதைவிடக் கூடுதல் நாள் உயிரோடும் இருந்தது! 'அப்போ ஹார்மோன் இல்லாததே நல்லது' என்று யாராவது கிளம்பக்கூடும். குப்பிக்குள் எங்கு தேடினாலும் தீனி கிடையாது, அலைந்தது அத்தனையும் வீண் செலவு. வெளியிலோ அலைகிற ஈக்குத்தான் சோறு. எது பலம், எது பலவீனம் என்பதை ஜீனைப் படித்து மட்டும் சொல்ல முடியாது, குப்பியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாலைவன வெட்டுக்கிளி விஷயமும் அப்படித்தான். தனியாகத் திரிவதும் கூட்டமாய்ப் படையெடுப்பதும் ஒரே மரபணுத் தொகுதி. நெருக்கமாக உரசிக்கொள்ளும்போது உடலில் செரட்டோனின் ஏறித் தனியன் கூட்டத்தில் சேர்கிறது என்று 2009இல் காட்டப்பட்டது. 2019-20இல் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ராஜஸ்தான் வரை வயல்களை மொட்டையடித்த கூட்டங்களுக்குப் பறக்கும் சக்தியைத் தந்தது அந்தக் கொழுப்புதான், சரி. கூட்டத்தைத் தந்ததோ 2018இல் மேகுனு, லுபான் புயல்கள் அரேபிய மணற்காட்டில் கொட்டிய மழை. அதோடு, மருந்தடிக்க ஆள் போக முடியாதபடி ஏமனில் நடந்த போர்.