கதவு ஏன் தரையில் உரசுகிறது?

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் நடந்து செல்லும்போது பழைய வீடுகளின் கதவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கனத்த மரம், தலைமுறைகள் பலவற்றைக் கண்டது. ஆனாலும் ஒரு கையால் தள்ளினால் திறக்கிறது. பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டின் கதவு அதில் பாதி எடைகூட இராது. அதுவோ சில ஆண்டுகளிலேயே தொங்கிப்போய்த் தரையில் உரசுகிறது. மழையில் மரம் ஊதிவிட்டது என்கிறோம். அதுவும் ஒரு காரணந்தான். ஆனால் சித்திரை வெயிலிலும் உரசினால் என்ன சொல்வது?

காரணம் கீலில் இருக்கிறது. அது என்னவென்று பார்ப்போமா?

எடை கீழே; இழுப்பு பக்கவாட்டில்

ஓர் அகலமான பலகையைச் சுவர்க்கடிகாரம் போல் செங்குத்தாக நிறுத்தி, அதன் ஒரு பக்க விளிம்பை மட்டும் இரு கைகளாலும் பிடித்துத் தூக்குங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே இருக்கட்டும். மேல் கையிலிருந்து பலகை பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கீழ்க் கையை அழுத்தும். உங்கள் கைகளே இப்போது இரண்டு கீல்கள்!

இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். கதவின் எடை 30 கிலோ, அகலம் 90 செ.மீ. என்று கொள்வோம். எடை முழுவதும் நடுவில், அதாவது கீலிலிருந்து 45 செ.மீ. தொலைவில், குவிந்திருப்பதாகக் கருதலாம். 30 × 45 = 1,350. இதுவே கதவைச் சாய்க்க முயலும் திருப்புத்திறன். இரு கீல்களுக்கும் இடையே 150 செ.மீ. தூரம் இருந்தால் 1,350 ÷ 150 = 9. எனவே மேல் கீலை 9 கிலோ எடைக்குச் சமமான விசை நிலைச்சட்டத்திலிருந்து வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை அதே அளவு விசை உள்ளே அழுத்துகிறது.

கீல்களை நெருக்கமாக, 60 செ.மீ. இடைவெளியில் வைத்தால்? 1,350 ÷ 60 = 22.5 கிலோ! கதவு அதேதான், எடையும் அதேதான். ஆனால் மேல் கீலின் திருகாணிகள் தாங்கவேண்டிய இழுப்பு இரண்டரை மடங்காகிவிட்டது. நாள்தோறும் திறந்து மூடும்போது திருகாணித் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. கதவு சாய்கிறது.

குடுமியின் சூட்சுமம்

பழைய கதவுகள் பலவற்றில் கீலே கிடையாது. கதவின் ஓரச்சட்டம் மேலும் கீழும் முளைபோல் நீண்டிருக்கும். இதற்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி குழியில் அமர்ந்து சுழலும். மேற்குடுமி நிலையின் துளையில் சுழலும். கோயில் வாயில்களில் கல்லில் குடைந்த குடுமிக்குழிகளை இன்றும் காணலாம்.

இதில் இரண்டு நன்மைகள். கதவின் எடை முழுவதையும் அடியிலுள்ள கல்லோ கட்டையோ தாங்கிக்கொள்கிறது. எந்தத் திருகாணியும் தாங்குவதில்லை. அடுத்து, இரு குடுமிகளுக்கும் இடையே கதவின் முழு உயரமும் இருக்கிறது. அது 200 செ.மீ. என்றால் பக்கவாட்டு இழுப்பு 7 கிலோவுக்கும் குறைவு. திருப்புத்திறன் என்ற சொல்லைப் படிக்காத தச்சர்கள் அதன் பயனை நன்கு அறிந்திருந்தார்கள்!

வாயிற்கதவில் ஆடும் குழந்தைகள்

இப்போது இரும்பு வாயிற்கதவுக்கு வருவோம். எடை 60 கிலோ, அகலம் 150 செ.மீ., கீல்களின் இடைவெளி 75 செ.மீ. என்க. மேல் கீலின் இழுப்பு 60 கிலோ. 25 கிலோ எடையுள்ள இரு குழந்தைகள் அதன் கடைசி விளிம்பில் ஏறி நின்று ஆடுகிறார்கள். 50 × 150 ÷ 75 = 100. மொத்தம் 160 கிலோ! மேல் கீலின் பற்றவைப்புத் துருப்பிடித்திருந்தால், கதவு முழுவதும் அந்தக் குழந்தைகளின் மேலேயே சாயும். விளையாட்டு வினையாவது இப்படித்தான்.

கவிழ்ந்தாலும் திறவாத தாழ்

தாழ்ப்பாளின் கதை வேறு. கொண்டியை நாதாங்கியில் மாட்டுகிறோம். அது அங்கேயே கிடப்பது தன் எடையால். வீடு ஒருநாளும் தலைகீழாவதில்லை; எனவே கவலையில்லை.

ஆனால் கடலில் செல்லும் சிறு பாய்மரப் படகை எண்ணிப் பாருங்கள். படகோட்டி அமரும் இருக்கைக்கு அடியிலேயே சாமான் பெட்டி இருக்கும். இருக்கைப் பலகைதான் அதன் மூடி. படகு கவிழ்ந்தால் எடையை நம்பிய கொண்டி தானே கழன்றுவிடும். மூடி திறக்கும், கடல்நீர் உள்ளே பாயும்.

1979 ஆகஸ்டில், அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் சிக்கி 15 வீரர்கள் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. சில படகுகளில், உள்ளறைக்கு இறங்கும் வாயிலை மூடும் பலகைகள் கழன்று போய்விட்டன என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது. எந்த நிலையிலும் கழலாதபடி அவற்றைப் பிணைத்து வைக்கவேண்டும் என்ற பாடம் அதனால் கிடைத்தது.

எடையை நம்பாமல் தாழை நிறுத்துவது எப்படி? அதற்கு விடை மதுரைக்கு வடக்கே, சுமார் 60 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. கைத்தொழிலாகச் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நெம்புகோல் பூட்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், திறவாது. உள்ளேயுள்ள நெம்புகோல் தகடுகளை அழுத்தி வைத்திருப்பது எடையன்று, வில்! சரியான சாவி மட்டுமே ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும், தூக்கும். இந்த முறைக்கு இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் 1778-இல் காப்புரிமை பெற்றார்.

நீங்களே சோதியுங்கள்

இன்று மாலை உங்கள் வீட்டுக் கதவைப் பாதி திறந்து, அதன் வெளி விளிம்பை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் அசைகிறதா? அசைந்தால் அதன் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, நிலைச்சட்டத்தில் ஆழமாக இறங்கும் நீண்ட திருகாணிகளைப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கீல் வைப்பதானால், அதை நடுவில் வைப்பதைவிட மேல் கீலுக்குச் சற்றுக் கீழே வைப்பது நல்லது. இழுப்பு அங்கேதானே அதிகம்?

வாயிற்கதவின் மேல் கீலையும் மறவாமல் பாருங்கள். அதில் துரு தெரிந்தால், தம்பி தங்கைகள் ஏறி ஆடுவதற்கு முன் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.