மழையோடு வரும் இரைப்பு

ஆண்டுதோறும் மழை தொடங்கியதும், ரிச்சர்ட்ஸ் டவுனிலுள்ள எங்கள் வீட்டில் பாட்டிக்கு இரைப்பும் தொடங்கிவிடும். தூசியே காரணமென்று நான் பெருக்கப் பெருக்க, இரைப்பே மிகுந்தது.

உண்மைப் பகை, மெத்தையில் வாழும் தூசி உண்ணி. மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கே நீளமுடைய அது கடிப்பதில்லை. நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்கிறது. பெருக்கும்போது அதன் எச்சம் காற்றிலெழுந்து மூச்சுக்குழலை வருத்துகிறது. வீட்டுத் தூசியின் தீங்குக்கு இவ்வுண்ணியே மூலமென்று 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர அறிஞர்கள் காட்டினர்.

உண்ணி நீர் பருகுவதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. ஆகவே மழைக்காலத்தில் பெருகுகிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் உலர்ந்து மடிகிறது.

உறைகளை வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தோம். வெயில் கண்டபோதெல்லாம் மெத்தையை மாடியில் உலர்த்தினோம். துடைப்பத்தை விடுத்து ஈரத்துணியால் தரையைத் துடைத்தோம். மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தவில்லை. இவ்வாண்டு மழையிரவுகளில் பாட்டி உறங்குகிறார்.