பிள்ளைப்பேறும் தாயின் சம்மதமும்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டி, பிரசவித்த உடனேயே கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொள்ளலாமா என்ற கேள்வியை நம் சபைத் தாய்மார் அங்கே சந்திக்கின்றனர். இதனைத் திருமறையின் ஒளியில் ஆராய்வது நம் கடமையாகும்.

முதலாவது, இதன் தன்மையை அறிவோம். பிரசவித்தவுடன் 'காப்பர் டி' பொருத்தும் முறை 2010 முதல் தேசியத் திட்டத்தில் பரவலாயிற்று. நஞ்சு வெளிவந்த பத்து நிமிடங்களுக்குள்ளோ, 48 மணி நேரத்திற்குள்ளோ அது கருப்பையில் வைக்கப்படுகிறது. அந்நேரம் தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். 380ஏ என்னும் வகை 10 ஆண்டுவரை பயன்தரும். எடுத்துவிட்டால் மீண்டும் கருத்தரிக்கலாம். தாய்ப்பாலுக்குக் குறைவில்லை. பிரசவித்த உடனே வைப்பதால் நழுவிவிடும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆகவே ஆறாம் வாரப் பரிசோதனை அவசியம். கருப்பையில் தொற்றோ அடங்காத உதிரப்போக்கோ உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

இது கருவை அழிப்பதன்றோ என விசுவாசிகள் சிலர் கலங்குகின்றனர். செம்பு, விந்தணுவின் இயக்கத்தைக் கெடுத்துக் கருவுறுதலையே முதன்மையாகத் தடுக்கிறது என்பது மருத்துவர் கூற்று. பிரசவத்திற்கும் அடுத்த கருத்தரிப்பிற்கும் இடையே 24 மாதமேனும் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பலுகுவதற்கான ஆசீர்வாதத்தைத் தந்த தேவன், தாயின் உடலைத் தேய்த்து அழிக்கும்படி அதைத் தரவில்லை.

இரண்டாவது, சம்மதத்தைக் குறித்துச் சிந்திப்போம். 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் இலக்கு எண்ணிக்கைக்காக மனிதர் கட்டாயப்படுத்தப்பட்டதை நாடு மறக்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டியிருந்ததையும் நாம் மறக்கலாகாது. ஆண் பிள்ளை பிறக்கும்வரை பெறு என்று வற்புறுத்துவதும், கேளாமலே சாதனம் பொருத்துவதும் ஒரே வேரில் முளைத்தவை. பெண்ணின் உடல் பிறர் உடைமை என்னும் எண்ணமே அந்த வேர்.

மரியாளிடம் வந்த தேவதூதன் அவளுடைய கேள்விக்கு விடையளித்தான். அவள் மனமுவந்து இசைந்த பின்னரே அவளைவிட்டுப் போனான். சர்வவல்லவரே ஒரு கன்னிகையின் மறுமொழிக்கு இடங்கொடுத்தாரெனில், கணவனும் மாமியாரும் மருத்துவரும் எம்மாத்திரம்? மேலும், கணவன் தன் சரீரத்திற்கும் அதிகாரியல்லன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் நாம் போதித்தாக வேண்டும்.

வேதனையில் துடிப்பவளிடம் பெறும் கையொப்பம் சம்மதமாகாது. கர்ப்ப காலத்திலேயே ஆலோசனை தரவேண்டும் என அரசின் நெறிமுறைகளும் கூறுகின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடும், நாமக்கல் லாரிகளோடும் கணவர் பல மாதம் வெளியூர் செல்லும் குடும்பங்களில் இது முன்கூட்டியே பேசப்படவேண்டும். ஆதலால் போதகர்கள் திருமண ஆயத்த வகுப்புகளிலும், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தங்கள் கூட்டங்களிலும் இதைக் கூச்சமின்றி எடுத்துரைப்பார்களாக. வேண்டும் என்பவளையும் வேண்டாம் என்பவளையும் சபை ஒன்றுபோல் தாங்குவதே கிறிஸ்துவின் சிந்தை.