லேண்ட்லைன் தந்த மின்சாரம்

தூத்துக்குடியில் 0461 என்று தொடங்கும் பழைய தொலைபேசி இன்னும் பல வீடுகளிலும் கப்பல் ஏஜென்ட் அலுவலகங்களிலும் இருக்கிறது. அதை ‘சரண்டர்’ செய்துவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறலாமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் மாதக் கட்டணத்தை வைத்தே விடை சொல்கிறோம். கட்டணத்தையும் வசதியையும் மட்டும் பார்த்தால் மாறுவதே சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய லேண்ட்லைன் இத்தனை காலம் தந்துவந்த ஒன்று எந்த பில்லிலும் எழுதப்பட்டதில்லை. அது மின்சாரம். மாறும்போது மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அந்த மின்சாரத்தின் விலை. அதை எடுத்து வைக்காமல் மாறுவது மழையும் புயலும் வந்துபோகும் இந்தக் கடற்கரைக்கு ஆபத்து.

முதலில் செலவைப் பார்ப்போம். லேண்ட்லைன் காலத்தில் தூரத்துக்குத்தான் விலை. திருச்செந்தூருக்கு ஒரு கட்டணம், மும்பைக்கு வேறு, கொழும்புக்கும் துபாய்க்கும் இன்னும் அதிகம். எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைச் சுருக்கியது அதனால்தான். 2006 மார்ச்சில் ‘ஒன் இந்தியா’ திட்டத்தின் மூலம் நாட்டில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். அறிவித்தபோது உள்நாட்டில் தூரத்தின் விலை குறைந்தது. இணையம் அதை வெளிநாட்டுக்கும் சேர்த்து ஒழித்தது. காரணம் எளியது. பழைய முறையில் இருவர் பேசும்வரை, அவர்கள் மௌனமாக இருந்தாலும், ஒரு பாதை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்படும். இணைய முறையில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, பெரும்பாலும் 20 மில்லிவிநாடிப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, மற்றத் தகவல்கள் போகும் பாதையிலேயே போகிறது. 30 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஒரு பேச்சுக்கு முந்நூற்றில் ஒரு பங்கு போதும். அதனால்தான் 2020இல் வந்த ஜியோ ஃபைபரின் 399 ரூபாய்த் திட்டத்தில் உள்நாட்டு அழைப்புகளை இலவசமாகச் சேர்க்க முடிந்தது. 18 சதவீத வரியோடு மாதம் சுமார் 471 ரூபாய். வெளியே அதிகம் பேசாமல், வரும் அழைப்பை எடுக்க மட்டும் தொலைபேசி வைத்திருக்கும் முதியவர் வீட்டுக்கு இது லாபம் இல்லைதான். இணையமும் வேண்டும் என்ற வீட்டுக்குப் பேச்சு ஏறத்தாழ இனாம்.

வசதியிலும் போட்டி இல்லை. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழிப் பேச்சுக்கு அனுமதி உண்டு என்றாலும், கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசி எண்ணை அழைக்க விதி இடம்தரவில்லை. 2018இல் அந்தத் தடை நீங்கியது. அந்த ஆண்டு ஜூலையிலேயே, வரி நீங்கலாக ஆண்டுக்கு 1,099 ரூபாயில், சிம் கார்டு இல்லாமல் எந்த எண்ணையும் அழைக்கும் ‘விங்ஸ்’ சேவையை பி.எஸ்.என்.எல். அறிவித்தது. துறைமுகத்தில் நிற்கும் கிளியரிங் ஏஜென்டும் ஊருக்குள் இருக்கும் அவரது அலுவலகமும் ஒரே எண்ணில் இருக்கலாம். ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் குடும்பத்தார் தொழில் செய்யும் காயல்பட்டினத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதே பெரிய வரம். குறைகளும் உண்டு. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பை நம்ப முடியாது; வாட்ஸ்அப்பில் 108ஐயோ 112ஐயோ கூப்பிடவும் முடியாது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பழைய தொலைபேசிக்கு வீட்டில் பிளக் கிடையாது. எக்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வரும். மின்வாரியத்தின் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டு மோடம் அணைந்தால் அதில் செருகிய தொலைபேசியும் ஊமை. 2 கோடி அளவுக்குச் சரிந்த நாட்டின் தரைவழி இணைப்புகள் மீண்டும் 3 கோடியைத் தாண்டியதற்கு ஃபைபரே காரணம். அதாவது இன்று ‘லேண்ட்லைன்’ என்று புதிதாக வாங்குவதும் பெரும்பாலும் இணையத் தொலைபேசிதான். எக்சேஞ்ச் சுமந்த பொறுப்பு சத்தமில்லாமல் நம் வீட்டுக்கு இடம் மாறிவிட்டது.

அப்படியானால் செம்புக் கம்பியையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். உப்பளங்களைத் தாண்டி வரும் காற்றில் செம்புக்கு ஆயுள் குறைவு. சாலையோர பில்லர் பெட்டியைத் திறந்தால், கம்பிகள் சேரும் இடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கரகரப்பும் ‘டெட்’ ஆன லைனும் அங்கே பிறப்பவை. மழைநீர் உள்ளே போனால் எக்சேஞ்ச் பேட்டரி இருந்தும் பயனில்லை. கண்ணாடி இழைக்குக் களிம்பு ஏறாது. அதனால் பழைய கம்பிக்காக நான் வாதாடவில்லை. கைபேசி இருக்க ஏன் இந்தக் கவலை என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, இந்த மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள், மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்தன. டவரும் பேட்டரியை நம்பி நிற்பதுதான். கரண்ட் திரும்பாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவும் அடங்கும். ஒரே வழியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வெள்ளம் காட்டியது.

மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015இல், இப்படிப்பட்ட வீட்டு இணைப்புகளுக்கு 8 மணி நேரமும் பின்னர் 24 மணி நேரமும் தாங்கும் மாற்று மின்சாரத்தை வாடிக்கையாளர் விலைகொடுத்து வாங்க வழிசெய்ய வேண்டும் என விதித்தது. பிரிட்டனில் லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையிலும் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு கிடைக்க நிறுவனமே வழி செய்ய வேண்டும். நம் ஊரிலும் இணைப்பு கொடுக்க வரும் நாளிலேயே, ‘கரண்ட் போனால் இது பேசாது’ என்று சொல்லி, பேட்டரியும் சேர்த்துத் தரும் கடமை நிறுவனங்களுக்கு இருக்க வேண்டும். அதுவரை நாமே செய்துகொள்ளலாம். மோடம் 10 வாட் எடுத்தால் மாதம் 7 யூனிட் சொச்சம்தான். அதைச் சில மணி நேரம் தாங்கும் சின்ன யு.பி.எஸ். சில மாத பில் தொகைக்குள் கிடைக்கும். வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்திடமும் கைபேசி வேறொரு நிறுவனத்திடமும் இருந்தால் ஒன்று அடங்கினாலும் மற்றொன்றுக்கு வாய்ப்பு உண்டு. பழைய லைனை சரண்டர் செய்யுங்கள். அது தந்த மின்சாரத்துக்கு மாற்று வைத்துவிட்டுச் செய்யுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் இரவில் அழைப்பின் விலையை யாரும் பார்ப்பதில்லை. மறுமுனையில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.